உதடு கூடும் மாசம்

அந்தச் சித்திரையில் சென்னீர்குப்பத்துக் கீரையை வாங்க ஆளில்லாமல் போயிற்று.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியாகிக்கொண்டிருந்தது. விடிந்தது முதல் பெங்களூர் ரோட்டில் மாட்டு வண்டியும் ஜட்காவும் கைவண்டியுமாக ஜனங்கள் மேற்கே போய்க்கொண்டே இருந்தார்கள். அண்டாக்கள், தையல் மிஷின், கிளிக்கூண்டு, நடக்க முடியாத கிழவரை உட்கார வைத்துத் தூக்கிய நாற்காலி, எல்லாம் புழுதியில் நகர்ந்தன. ரோட்டோரத்தில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். கீரை கேட்கவில்லை. பட்டணத்துக் கொத்தவால் சாவடிச் சந்தைக்கு வீரராகவன் ஏற்றிக்கொண்டு போன கட்டுகள் வாடி வதங்கி அதே வண்டியில் திரும்பி வந்தன, மாடுகள் தின்றன. தோட்டத்தில் முளைக்கீரை முற்றித் தண்டு விட்டுப் பூவும் எடுத்துவிட்டது.

ஆனாலும் காலையில் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைப்பதை அவன் நிறுத்தவில்லை. தோல் சால் கிணற்றுக்குள் இறங்கி நிறையும். மாடுகள் சரிவில் இறங்க மேலே வந்து கொட்டும். விற்காத கீரைக்குத் தண்ணீர் எதற்கு என்று பக்கத்துத் தோட்டத்து ஜெயராமன் கேட்டபோது, மாட்டின் வாலை முறுக்கினான். சால் நின்றால் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தது.

தையில் பிறந்த பெண் குழந்தை. மேலுதடு மூக்கு வரைக்கும் இரண்டாகப் பிளந்திருந்தது. வாயைத் திறந்தால் அண்ணமும் பிளந்து, மூக்கின் உட்புறம் சிவப்பாகத் தெரிந்தது. மருத்துவச்சி தூக்கிக் காட்டியபோது ஒரே ஒரு தடவை பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக் கொட்டகைக்குப் போனவன், அன்றிலிருந்து அங்கேயே படுத்துக்கொள்கிறான். கூழும் கருவாடும் அங்கேதான் போகும். குழந்தைமேல் அவனுக்குக் கோபம் இல்லை. பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கிரகணத்தில் வந்த வினை என்று ஊர் சொன்னது. புரட்டாசியில் சூரியனைக் கிரகணம் பிடித்த காலையில், வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்த அவன் மனைவி வடிவு அரிவாளோடு அரைக்கீரை அறுத்ததை நாலு பேர் பார்த்திருந்தார்கள். அவளை அறுக்க அனுப்பியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அனுப்பியவள் அவளுடைய நாத்தனார் வேம்புலியம்மாள். "வண்டி கெளம்பற நேரத்துல கிரகணமாவது ஒண்ணாவது, நாலு கட்டு அறுத்துக் குடுத்துட்டு வா" என்று சொன்னவள் அவள்தான். புருஷன் செத்ததும் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, தாயில்லாத தம்பி வீரராகவனை வளர்த்து ஆளாக்கியவள். அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. வடிவு இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ, தன்மேலேயே அவளுக்கும் சந்தேகம் இருந்ததோ.

குழந்தையால் மார்பைப் பிடித்துக் குடிக்க முடியாது. வடிவு பாலைப் பீய்ச்சிச் சங்கில் எடுத்து, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, நாக்குக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாக விடுவாள். பாதி மூக்கு வழியாக வந்துவிடும். புரைக்கேறும். முகம் நீலம் பாரிக்கும். குப்புறப் போட்டு முதுகைத் தட்டி, மூச்சு வந்ததும் மறுபடி ஒரு சொட்டு. ஒரு வேளைப் பால் இறங்குவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். அவள் தலை வாரி எத்தனையோ நாளாகியிருந்தது.

குழந்தை அழ ஆரம்பித்தால் வேம்புலியம்மாள் வீட்டை விட்டு வெளியே போய்விடுவாள். அன்றைக்கு வாசற்படி வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

"உட்டுடுடி வடிவு. எம்மாம் நேரம் இத்த இப்பிடி வதைப்ப? இது அயுவுற சத்தத்த என்னால கேக்க முடியல."

"பசிக்கி அயுவுது அண்ணி. பாலு எறங்குனா நிக்கும்."

"எங்க எறங்குது? மூக்கால ஊத்திகினு கீது. பொட்டப்புள்ள வேற. நாளிக்கி இந்த மூஞ்ச வச்சிக்கினு எவன் ஊட்டுக்குப் போவும்? உட்டா அதும்பாட்டுக்குப் பூடும். அதுக்கும் நிம்மதி, உனுக்கும் நிம்மதி."

"நீ வேணா உடு அண்ணி. நான் உட மாட்டேன்."

வடிவு நம்பியிருந்தது ஒன்றைத்தான். பூந்தமல்லியில் ஒரு வாடகை வீட்டில், இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கென்றே ஒரு தர்ம ஆஸ்பத்திரி நடந்துவந்தது. பட்டணத்து வியாபாரிகள் சிலரும் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த பெண்களும் மாதாமாதம் போட்ட நன்கொடையில் நடப்பது. டாக்டர் எட்மண்ட் என்பவர் உதட்டைத் தைத்துக் கொடுப்பார். மெலிந்த பிள்ளைகளுக்குப் பால் மாவு உண்டு. பிள்ளைகள் ஏன் இப்படிப் பிறக்கின்றன என்று கண்டுபிடிக்கவும் அந்த நிதியில் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார்கள். அதற்காகத் தாய்மாரிடம் டாக்டர் நிறையக் கேள்வி கேட்பார். காட்டுப்பாக்கத்து நர்ஸ் ஞானகுமாரி மாசி மாதத்தில் கீரை வாங்க வந்த இடத்தில் குழந்தையைப் பார்த்துவிட்டு, வடிவை அங்கே கூட்டிப் போனாள். எடை ஏறட்டும், தைத்துவிடலாம் என்று டாக்டர் அன்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வடிவு சங்கைக் கீழே வைக்காமல் இருந்தாள்.

அந்த ஞானகுமாரிதான் அன்றைக்கு உச்சி வெயிலில் குடைகூட இல்லாமல் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"வடிவு, டாக்டர் போறாரு. ஆஸ்பத்திரிய மூடுறாங்க. வர்றதுன்னா இப்பவே வந்துடு."

வடிவு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனாள்.

"மாமா, வண்டியப் பூட்டு."

வீரராகவன் ஏன் என்று கேட்கவில்லை. கவலை மாடுகளை அவிழ்த்து வண்டியில் பூட்டினான். வேம்புலியம்மாளும் கூப்பிடாமலே வந்து ஏறிக்கொண்டாள். "ரோடு பூரா ஜனம். ஒண்டியா கொயந்தய வச்சிக்கினு எப்பிடிப் போவ?" என்றாள். நர்ஸம்மா வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தாள். ஓடுகிற கூட்டத்தில் அவர்கள் வண்டியும் கலந்தது. பக்கத்தில் வந்த வண்டிக்காரர் நட்பாகக் கேட்டார்.

"நீங்க எந்த ஊருக்கு ஓடுறீங்க?"

"ஓடல. இங்க, ஆஸ்பத்திரிக்கி" என்றான் வீரராகவன்.

ஆஸ்பத்திரியில் பாதிச் சாமான் வைக்கோல் போட்டுப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. டாக்டர் எட்மண்ட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழந்தையைத் தராசில் வைத்தார். முள் நின்றதும் அவர் முகத்தைப் பார்த்தே வடிவுக்குத் தெரிந்துவிட்டது.

"எடை பத்தாதும்மா. மயக்க மருந்து தாங்காது. நிதி நடத்துறவங்க எல்லாரும் பட்டணத்தை விட்டே போயிட்டாங்க. மூடச் சொல்லித் தந்தி வந்திருக்கு. நாளைக்குச் சாயங்காலம் எனக்கு ஆவடியில ரயில். பட்டாளத்து வேலை."

"எப்ப திரும்பி வருவீங்க?"

"சண்டை முடிஞ்சா."

"அது எப்ப முடியும்?"

டாக்டர் குழந்தையைத் தூக்கி அவளிடம் கொடுத்தார். தயங்கிச் சொன்னார்.

"உன்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி பாக்கி இருக்கு. கேட்டுக்கட்டுமா?"

வடிவு குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "தைக்க மாட்டேன்றீங்க. கேக்க மட்டும் கேப்பீங்களா? எம்புள்ள செத்தா உங்களுக்குக் கதை வேணுமா?"

"நீ கோவிச்சுக்கறது நியாயம். இதனால இன்னிக்கு உனக்கு ஒண்ணும் ஆகாது. எப்பவோ, யாரு பிள்ளைக்கோ ஆகலாம்."

"அப்ப நான் ஒண்ணு கேக்கறேன். மொதல்ல அதுக்கு பதில் சொல்லுங்க." சுவரோரம் உட்கார்ந்திருந்த நாத்தனாரை அவள் பார்க்கவில்லை. "கிரகணத்துல நான் கீர அறுத்தேன். அதனாலயா இது?"

எப்போது தலைமுழுகாமல் நின்றது, கிரகணம் எந்த மாசம் என்று டாக்டர் கேட்டார். விரலை மடக்கி எண்ணினார்.

"வயித்துக்குள்ள எல்லாக் குழந்தைக்கும் உதடு முதல்ல பிரிஞ்சுதான் இருக்கும். ரெண்டாம் மாசம், மூணாம் மாசத்துல கூடும். அப்ப கூடலேன்னா அப்புறம் கூடாது. கிரகணம் பிடிச்சப்ப உனக்கு அஞ்சு மாசம். அதுக்கு முன்னாலேயே இந்தக் குழந்தை இப்படித்தான் இருந்திருக்கு. உன் அரிவாள் கீரையைத்தாம்மா அறுத்துது."

வடிவு குழந்தையின் வாயைப் பார்த்தாள். தை மாதத்திலிருந்து நெஞ்சில் கிடந்தது ஒன்று இடம் மாறினாற்போல் இருந்தது.

"அப்ப, எதனால?"

"தெரியலை. அதுக்குத்தான் கேக்கறோம். சில குடும்பத்துல திரும்பத் திரும்ப வருது. உங்க வழியில இப்படி யாராவது பிறந்திருக்காங்களா? உன் வீட்டுக்காரர் வழியில?"

"யாரும் இல்ல."

"கீது" என்றாள் வேம்புலியம்மாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராகவன் பொறக்கறதுக்கு முன்ன எங்கம்மாக்கு ஒரு ஆம்பளப்புள்ள பொறந்துது. இதே வாயி, இதே மூக்கு. எனுக்கு அப்ப ஏயோ எட்டோ வயசு. ஊரு பாக்கக் கூடாதுன்னு வைக்கப்போர்க் கொட்டாயில கொண்டாந்து போட்டுட்டு, நாய் வந்துடப்போவுதுன்னு என்னக் காவலுக்கு ஒக்கார வச்சாங்க. பாலு குடுக்கக் கூடாதுன்னுட்டாரு எங்கப்பாரு. அது அயுதுச்சி. அயுதுகினே கெடந்துச்சி. போவப் போவ சத்தம் சின்னதா ஆயிப்போச்சி, பூனக்குட்டி மாரி. எங்கம்மா ஊட்டுக்குள்ள மாருல துணியக் கட்டிகினு செவுத்துல முட்டிகினு கெடந்தா. எப்ப நின்னுச்சின்னு எனுக்குத் தெரியாது. நான் தூங்கிட்டேன்."

வீரராகவன் வாசலில் நின்றிருந்தான். மாட்டுச் சாட்டை கையிலேயே இருந்தது. "அக்கா" என்றான்.

"யார்கிட்டியும் சொல்லலடா. இவள உனுக்குக் கட்டி வைக்கறப்பவும் சொல்லல. கிரகணம்னு ஊரு சொன்னப்ப, சரி, அப்பிடியே இருந்துட்டுப் போவட்டும்னு உட்டுட்டேன்."

வேம்புலியம்மாள் எழுந்து டாக்டருக்கு எதிரில் வந்து நின்றாள். கை கூப்பவில்லை.

"நீ ரயில் ஏறிடுவ. இது எங்க ஊட்டுல அயுதுகினே பூடும். ரெண்டாந்தபா அந்தச் சத்தத்த நான் கேக்க முடியாது. தச்சிட்டுப் போ."

"இல்லம்மா, மயக்கத்துலயே போயிடுச்சுன்னா?"

அதற்கு வடிவுதான் பதில் சொன்னாள். "தூங்கிகினே போவும் டாக்டரய்யா. பசில போவாது இல்ல."

டாக்டர் கட்டிவைத்த பெட்டிகளைப் பார்த்தார். ஞானகுமாரி மெதுவாகச் சொன்னாள்: "மயக்க மருந்து ஒரு பாட்டில் மட்டும் இன்னும் கட்டல டாக்டர்."

"குழந்தை பேர் என்ன?" என்று டாக்டர் கேட்டார்.

யாரும் அதுவரைக்கும் பேர் வைக்கவில்லை.

"தாட்சாயிணி" என்றாள் வேம்புலியம்மாள். "எங்கம்மா பேரு."

மறுநாள் காலையில் தைத்தார்கள். கதவுக்கு வெளியே வடிவு உட்கார்ந்திருந்தாள். மருந்து வாடை கதவிடுக்கில் வந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. டாக்டர் ஏதோ அதட்டினார். நர்ஸம்மா "ஏசுவே, ஏசுவே" என்பது கேட்டது. வடிவு எழுந்திருக்க முயன்றாள். வேம்புலியம்மாள் அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் சக்கரச் சத்தம் ஓயவேயில்லை. யாரோ யாரையோ பெயர் சொல்லித் தேடிக்கொண்டிருந்தார்கள். பிறகு உள்ளேயிருந்து மெல்லிய முனகல் ஒன்று வந்தது.

டாக்டர் வெளியே வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. "ஒரு தடவை மூச்சு நின்னுடுச்சு. திரும்பி வந்துடுச்சு" என்றார். "உதடு மட்டும்தான் சேர்த்திருக்கேன். அண்ணத்துக்கு இன்னொரு தடவை, ரெண்டு வயசுக்கு மேல பண்ணணும். நான் இருந்தா. நிதி இருந்தா. இப்ப ஒண்ணு கவனிச்சுக்குங்க. தையலை ஞானகுமாரி பிரிக்கிற வரைக்கும் குழந்தை அழக் கூடாது. அழுதா உதடு இழுக்கும், தையல் அறுந்துடும். பசிக்க விடாதீங்க. பயப்பட விடாதீங்க."

அன்று சாயங்காலம் அவர் ரயில் ஏறிப் போனார்.

குழந்தை கையால் வாயைப் பிறாண்டாமல் இருக்க, இரண்டு முழங்கைக்கும் மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றியிருந்தது. மடக்க முடியாத கைகளோடு அது வேம்புலியம்மாள் தோளில் கிடந்தது. வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்குமாக அவள் நடந்துகொண்டே இருந்தாள். மேலுதடு கொஞ்சம் துடித்தால் போதும், "அதோ காக்கா, அதோ கன்னுக்குட்டி, அதோ பாரு தாச்சாயி" என்று வெயிலென்றும் பாராமல் ஓடுவாள். நின்றுகொண்டே கேழ்வரகுக் களியை விழுங்கினாள். பாதம் வீங்கிவிட்டது. பசி என்கிற நினைப்பே குழந்தைக்கு வராதபடி வடிவு சங்கோடு பின்னாலேயே நடந்தாள்.

அப்படி நடக்கையில் ஒருநாள் வேம்புலியம்மாள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அன்னிக்கி உன்னக் கீர அறுக்க நான்தான் அனுப்பிச்சேன். ஊரே உன்ன ஏசிச்சி. நீ யாராண்டையும் சொல்லலியே."

"சொன்னா கொயந்த வாயி கூடிடுமா அண்ணி?"

வேம்புலியம்மாள் நடையை நிறுத்தவில்லை.

தையல் பிரிக்க இரண்டு நாள் இருக்கும்போது ஆவடிப் பக்கம் போன பட்டாள லாரிகள் வரிசையாக ஊருக்குள் புகுந்தன. வழியை மறித்த மாட்டு வண்டிகளைப் பார்த்து எல்லா லாரியும் சேர்ந்தாற்போல் ஹாரன் அடித்தன. குழந்தை தூக்கிவாரிப் போட்டு வீறிட்டது. ஒரே ஒரு வீறல். வடிவு சங்கை எறிந்துவிட்டு ஓடி வருவதற்குள் உதட்டின் கீழ்க்கோடியில் ஒரு தையல் அறுந்து ரத்தம் முத்துக் கட்டி நின்றது. வேம்புலியம்மாள் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"போச்சேடி. என் கையில வச்சிக்கினே போச்சேடி."

"ஒண்ணுதான் அண்ணி. மத்ததெல்லாம் நிக்கிது. எந்திரி. எனுக்குக் கையி வலிக்கிது, நீ வாங்கிக்க."

ஞானகுமாரி வந்து வாசல் வெளிச்சத்தில் வைத்துத் தையலைப் பிரித்தாள். அறுந்த இடத்தில் உளுந்தளவு பள்ளம் விழுந்திருந்தது. மற்றபடி உதடு கூடியிருந்தது. மூக்குக்குக் கீழே சிவந்த கோடு ஒன்று நேராக இறங்கியது. நர்ஸம்மா ஈரத்துணியால் துடைத்துக் குழந்தையை வடிவு பக்கமாகத் திருப்பினாள்.

வடிவு பார்த்தாள். யாரோ வீட்டுக் குழந்தை மாதிரி இருந்தது. பிளந்த உதடு இரண்டு பக்கமும் ஒதுங்க, முகம் முழுக்க வாயாகச் சிரிக்குமே அவளுடைய பெண், அந்தச் சிரிப்பு இதில் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து ஊர் முகம் சுளித்தது. அவள் ஒருத்திதான் அதைப் பார்த்துப் பார்த்து, அது எப்போது சிரிக்கும், எப்போது அழும் என்று படித்து வைத்திருந்தாள். இனி அதைப் பார்க்க முடியாது. அவள் விம்மி விம்மி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ஞானகுமாரி நினைத்துக்கொண்டாள்.

"அண்ணத்துக்கு எங்க போவணும் நர்ஸம்மா?" என்று வேம்புலியம்மாள் கேட்டாள்.

"தெரியலம்மா. கடுதாசி போட்டுப் பாக்கறேன். நிதிக்காரங்க யாரு எந்த ஊர்ல இருக்காங்கன்னே தெரியலை."

கிணற்றடியில் சால் சத்தம் நின்றது. வீரராகவன் கைகால் கழுவிக்கொண்டு வந்தான். தலையில் ஈரம் சொட்டியது. வாசலிலேயே நின்று குழந்தையை ரொம்ப நேரம் பார்த்தான். அக்கா பேசியதைக் கேட்ட நாளிலிருந்து அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தான்.

"என்னாண்ட குடு வடிவு."

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை ஏறிட்டாள். "மூஞ்சி நல்லா ஆனதும் வர்றியா மாமா? நேத்து வரைக்கும் இதுக்கு அப்பன் இல்லியா?"

அவன் தலை குனிந்தான். ஆனால் நீட்டிய கைகளை மடக்கவில்லை.

வேம்புலியம்மாள் சங்கை எடுத்து வந்து வடிவு பக்கத்தில் வைத்தாள்.

"சும்மா தூக்கி வச்சிக்கறதுக்குன்னா வேணாம்" என்றாள் வடிவு. "ஒக்காரு. பாலு குடு."

அவன் சம்மணமிட்டு உட்கார்ந்தான். குழந்தையை அவன் மடியில் நிமிர்த்தி வைத்து, சங்கை அவன் கையில் கொடுத்து, எங்கே விட வேண்டும் என்று காட்டினாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கையால் ஒரு சொட்டு விட்டான். குழந்தை விழுங்கியது. இன்னொரு சொட்டு. அது இருமிற்று, மூக்கு வழியாகப் பால் வழிந்தது. அவன் பதறிச் சங்கைப் பின்னுக்கு இழுத்தான்.

"தையல் உட்டுப்போச்சா?"

"இல்ல. உள்ள இன்னும் தொறந்துதான் கீது. அது எப்ப மூடுமோ, யாரு மூடுவாங்களோ."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் இப்பிடித்தான்" என்றாள் வடிவு. "தொடச்சிட்டு இன்னொரு சொட்டு உடு."

அவன் துண்டின் நுனியால் குழந்தையின் மூக்கைத் துடைத்தான். பிறகு சங்கைச் சாய்த்தான்.